பிழை நேரும் முன்பே திருத்துவது எப்படி?

சிப் தயாரிக்கும் லித்தோகிராஃபி இயந்திரத்துக்குள், 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் தகட்டைச் சுமந்தபடி ஒரு மேடை விருட்டென்று பாய்ந்து, திரும்பி, மறுபடி பாய்கிறது. ஒளி விழும் கணங்களில் அது சில நானோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர்!

விலகலை அளந்து திருத்தினால் போதாதா? அதுதான் பின்னூட்டம். ஆனால் பிழை நேர்ந்த பிறகே அது விழிக்கும். இன்னும் வேகமாகத் திருத்தச் சொல்லி முடுக்கினாலோ வேறு தொல்லை. எந்த உலோகமும் முழு விறைப்பானதல்ல; மேடை அதிரும், அந்த அதிர்வைத் திருத்தமே ஊட்டி வளர்க்கும்.

ஆகவே முன்னூட்டம். மேடையின் நிறையை வேண்டிய முடுக்கத்தால் பெருக்கி, அந்த விசையை மோட்டாருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பெரும்பகுதி வேலை இதிலேயே முடிகிறது.

மிச்சப் பிழைக்குக் கண்ட வழிதான் என்னை மிகவும் ஈர்ப்பது. மேடை ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடுவதால், ஏறக்குறைய அதே இடத்தில்தான் தவறுகிறது. அப்படியானால் இந்த ஓட்டத்தின் பிழையைப் பதிந்துகொண்டு, அடுத்த ஓட்டத்தின் விசையிலேயே ஈடுகட்டலாமே! ஜப்பானின் சுகுரு அரிமோட்டோவும் சகாக்களும் 1984-இல் ரோபோக்களுக்காக இந்தக் கற்றல் முறையை முன்வைத்தார்கள். சில ஓட்டங்களிலேயே பிழை வெகுவாக வற்றிவிடும்.

பாதை மாறினால்? மனப்பாடம் செய்த விசை உதவாது. அதனால் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பாதைக்கும் பொருந்தும்படி முன்னூட்டத்தின் அளவுருக்களையே பிழையிலிருந்து கற்கும் முறைகளை ஆராய்கிறார்கள்.