சேதுக் கரையில் முளைத்து, கோவாவில் அறுக்கப்பட்ட அரச மரபு

சிறிய செப்புக் காசு. ஒரு பக்கம் நின்ற நிலையில் ஒரு மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’. பார்த்தவுடன் பாம்பன், ராமேசுவரம் பக்கத்துக் காசு என்றுதான் தோன்றும். சேதுபதிகள் வெளியிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. உண்மையில் இதை அடித்தவர்கள், கடலுக்கு அக்கரையில் நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள்.

அவர்களின் வேர் இந்தக் கரையில்தான் இருந்தது. அந்தப் பட்டம் கொண்ட தலைவர்கள் ராமநாதபுரம் பக்கத்துச் செவ்விருக்கை நாட்டில் இருந்ததைப் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குலசேகர பாண்டியனுக்காக இலங்கைமேல் படையெடுத்து, யாப்பகூவையிலிருந்து புத்தரின் புனிதப் பல்லைக் கொண்டுவந்தவரும் ஓர் ஆரியச் சக்கரவர்த்தியே என்கிறது சூளவம்சம். மதுரையில் பாண்டியர் பிடி தளர்ந்தபின் யாழ்ப்பாணம் தனியரசானது. 1344இல் இந்த மரபின் மன்னரைப் புத்தளத்தில் சந்தித்த இபின் பதூதா, அவருக்குப் பாரசீகம் புரிந்ததையும் அவரிடமிருந்த முத்துக் குவியலையும் எழுதிவைத்திருக்கிறார்.

1450 வாக்கில் சிங்களக் கோட்டை அரசின் சார்பில் படையோடு வந்த செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார். மன்னர் கனகசூரிய சிங்கையாரியன் பிள்ளைகளோடு தமிழகத்துக்குத் தப்பி வந்தார். 1467இல் அதே பிள்ளைகளோடு திரும்பிப்போய் நாட்டை மீட்டார். தோற்றவனுக்கு ஒதுங்க இக்கரையில் இடமிருந்தது. திரும்பிப் போகக் கடலும் திறந்திருந்தது.

போர்த்துக்கீசியர் வந்தபின் அந்த வழி அடைபட்டது. அவர்கள் ஆதரவில் ஆண்ட எதிர்மன்னசிங்கம் 1617இல் இறந்தபோது, மகன் சிறுவன். உறவினரான சங்கிலி குமாரன் போட்டியாளர்களைக் கொன்று ஆட்சியைப் பிடித்து, தஞ்சை நாயக்கரின் உதவியையும் நாடினார். 1619இல் போர்த்துக்கீசியத் தளபதி பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்தார். படகேறித் தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டார்; கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டே தஞ்சையிலிருந்து வந்த படையாலும் நாட்டை மீட்க முடியவில்லை.

தூக்குக் கயிற்றைவிடத் தீர்க்கமாக வேலை செய்தது ஞானஸ்நானம். அரச குடும்பத்தினர் மதம் மாற்றப்பட்டார்கள். பட்டத்துக்கு உரிய சிறுவன் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் வளர்ந்து, தானும் துறவியானான். துறவிக்கு ஏது வாரிசு? ரத்தம் சிந்தாமலே நேர்வழி மரபு அறுந்தது.

இன்று நெதர்லாந்திலிருந்துகூட இந்த மரபுக்கு உரிமை கோரும் குரல் கேட்கிறது. பங்காளிக் கிளைகள் பிழைத்திருக்க வாய்ப்பு இல்லாமலில்லை. ஆனால் இந்த மன்னர்களின் கதை சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலையை மயில்வாகனப் புலவர் எழுதியதே ஒல்லாந்தர் காலத்தில், நாடு பறிபோய் 100 ஆண்டு கடந்தபின். ஆகவே வம்சாவளி காட்டுபவர் யாராயினும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: 1619க்குப் பிறகு, மடத்துக்குப் போகாத கிளை எது?