கண்ணுக்குப் புலனாகாத கணிப்பொறியின் கொள்திறன்

ஒரு நகரில் பத்தாயிரம் தொலைபேசிகள் இருப்பின், பத்தாயிரம் பேரும் ஒரே கணத்தில் பேசுவதற்குரிய வழிகளை அந்நகரின் தொலைபேசி நிலையம் அமைப்பதில்லை. அனைவரும் ஒருங்கே பேச முற்படுவது அரிது என்பதே இதற்குக் காரணம். அங்ஙனமாயின் எத்தனை வழிகள் போதுமானவை? கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணித அறிஞர் 1909-ஆம் ஆண்டில் இத்துறை பற்றிய தமது ஆராய்ச்சியை வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் ஆராய்ந்த அதே வினா, 'சர்வர்லெஸ்' எனப்படும் கணிப்பொறிச் சேவையில் இப்பொழுது புதிய வடிவில் எழுந்துள்ளது.

பெயரும் பொருளும்

பிறர் கேட்கும் தகவலை அளிப்பதற்கென எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறியே சர்வர் எனப்படும். சர்வர்லெஸ் என்பதற்குச் சர்வர் அற்றது என்று பொருள். எனினும், இம்முறையில் சர்வர் இல்லாமற் போய்விடவில்லை. அதனைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டுமே பயன்படுத்துவோரை விட்டு நீங்கியுள்ளது. குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல் செயற்கூறு எனப்படும். இதனைக் கிளவுட் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், கோரிக்கை வரும்பொழுதெல்லாம் அந்நிறுவனமே அதனை இயக்கும். இயங்கிய நேரத்தையும் ஒதுக்கிய நினைவகத்தையும் கோரிக்கைகளின் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணம் கணக்கிடப்படும். அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் 'லாம்டா' என்னும் பெயரால் இத்தகைய சேவையை அறிவித்தது. கீழே தரப்படும் எண்கள் அச்சேவையைச் சார்ந்தவை.

நினைவகமும் நேரமும்

லாம்டாவில் ஒரு செயற்கூறுக்கு 128 மெகாபைட் முதல் 10,240 மெகாபைட் வரை நினைவகம் ஒதுக்கலாம். கணக்கிடும் வேகத்தைத் தனியே கேட்டுப் பெற இயலாது. ஒதுக்கிய நினைவகத்துக்கு ஏற்ற விகிதத்தில் அதுவும் கிடைக்கும். ஒரு முறை இயங்குவதற்கான உச்ச நேரம் 15 நிமிடங்களாகும்.

ஒரு கிகாபைட் நினைவகம் ஒரு விநாடி பயன்படுவது கட்டணத்தின் ஓர் அலகு. 512 மெகாபைட்டில் 2 விநாடி நடக்கும் வேலை, 1,024 மெகாபைட்டில் ஒரு விநாடியில் முடியுமாயின், செலவு ஒன்றே. காத்திருக்கும் நேரமோ பாதியாகும். ஆனால், செயற்கூறு தானே கணக்கிடாமல் வேறொரு தகவற்களஞ்சியத்தின் விடைக்காகக் காத்திருக்குமாயின், நினைவகத்தை இரட்டித்தாலும் நேரம் குறையாது, செலவே இரட்டிக்கும். ஆகவே, ஒவ்வொரு இயக்கத்தின் முடிவிலும் பதிவாகும் இயங்கிய நேரத்தையும், பயன்பட்ட உச்ச நினைவகத்தையும் ஒப்பிட்டு நோக்கிய பின்னரே ஒதுக்கீட்டை மாற்றுதல் வேண்டும்.

ஒரு பெருக்கற் கணக்கு

ஒரு கோரிக்கை முடியுமுன் மற்றொன்று வந்தால், செயற்கூறின் இன்னொரு பிரதி இயங்கத் தொடங்கும். ஒரே சமயத்தில் இயங்கக்கூடிய பிரதிகளுக்கு எல்லை உண்டு. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வட்டாரத்தில் வழக்கமாக அளிக்கப்படும் எல்லை 1,000. அவருடைய செயற்கூறுகள் அனைத்தும் இதனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வேண்டுகோளின்பேரில் எல்லையை உயர்த்திப் பெறலாம்.

தேவைப்படும் பிரதிகள் எத்தனை என்பதை ஓர் எளிய பெருக்கலால் அறியலாம். விநாடிக்கு வரும் கோரிக்கைகளை, ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் விநாடிகளால் பெருக்கினால் விடை கிடைக்கும். ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் நிரூபித்த விதியும் இதுவே.

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 200 மாணவர்கள் தங்கள் மதிப்பெண்களைக் கேட்கின்றனர். ஒவ்வொரு விடைக்கும் அரை விநாடி ஆகிறது. அப்பொழுது 100 பிரதிகளே போதும். மதிப்பெண்களைச் சேமித்து வைத்துள்ள தகவற்களஞ்சியம் திணறி, ஒவ்வொரு விடைக்கும் 6 விநாடி ஆகத் தொடங்கினால், தேவை 1,200 பிரதிகளாகிவிடும். கூட்டம் ஒருவராலும் கூடவில்லை, எல்லையோ தாண்டப்பட்டுவிட்டது. விநாடிக்கு ஏறக்குறைய 33 மாணவர்கள் விடையின்றித் திருப்பப்படுவர். அவர்கள் மீண்டும் மீண்டும் முயல்வதால் நெருக்கடி மேலும் வளரும். அதே எல்லையைப் பகிரும் வேறு பணிகளும், தம்மிடம் குறை ஏதும் இன்றியே, நின்றுபோகும்.

கோரிக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் கவனித்து வந்த அதிகாரிக்கு இவ்வாபத்து முன்கூட்டித் தோன்றாது. இயங்கும் நேரத்தைக் கவனித்தவர்க்கோ அது தெளிவாகத் தோன்றியிருக்கும்.

சராசரி மறைப்பவை

நேரத்தை அளக்கும்பொழுதும் சராசரியை மட்டும் நம்புதல் கூடாது. நூறு கோரிக்கைகளுள் 99 கோரிக்கைகள் 0.1 விநாடியிலும், ஒன்று மட்டும் 10 விநாடியிலும் முடிவதாகக் கொண்டால், சராசரி 0.2 விநாடி என்றே வரும். பத்து விநாடி காத்திருந்தவரின் இடர் அவ்வெண்ணில் புலப்படாது. எனவே, மிகத் தாமதமான ஒரு சதவீதத்தினரின் நேரத்தைத் தனியே பார்த்தல் அவசியம். புதிய பிரதி முதன்முறை தொடங்குகையில் ஏற்படும் தாமதமும் பெரும்பாலும் இப்பகுதியிலேயே ஒளிந்திருக்கும்.

கண்காணிப்பின் முறை

ஒரே சமயத்தில் இயங்கும் பிரதிகள், அவை இயங்கும் நேரம், பயன்பட்ட நினைவகம், பிழைகள், திருப்பப்பட்ட கோரிக்கைகள் ஆகிய ஐந்தையும் இடைவிடாது பதிவு செய்தல் வேண்டும். பிரதிகள் எல்லையில் நான்கில் மூன்று பங்கை எட்டியதும் எச்சரிக்கை எழுமாறு அமைத்தல் நலம். இன்றியமையாத பணிக்கு எல்லையில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி வைக்கலாம். ஒவ்வொரு பிரதியும் தகவற்களஞ்சியத்துடன் தனி இணைப்பைக் கொள்ளுமாயின், களஞ்சியம் தாங்கக்கூடிய இணைப்புகளுக்கு உட்பட்டே பிரதிகளைக் கட்டுப்படுத்த வேண்டும். இல்லையேல் செயற்கூறின் தாராளமே களஞ்சியத்தை முடக்கிவிடும்.

யந்திரம் கண்ணுக்கு அப்பால் சென்றமையால் அதன் எல்லையும் அகன்றுவிட்டதாகக் கொள்ளுதல் தவறு. நேரில் காணும் யந்திரத்தின் களைப்பை அதன் ஓசையும் வெப்பமுமே அறிவித்துவிடும். காணாத யந்திரத்தின் களைப்பை அறிவிப்பவை எண்கள் மட்டுமே. அவ்வெண்களை நாள்தோறும் படிப்பவர் ஒருவர் இருந்தால், முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவன் விடையின்றித் திரும்ப நேராது.