அன்றன்றுள்ள அப்பமும் அடைபட்ட எல்லையும்

ஓசூரில் பணியாற்றும் ஆயருக்கு மாநில எல்லை என்பது நிலப்படத்தில் வரைந்த கோடு மட்டுமன்று. அவருடைய சபையாரில் பலர் வேலைக்காகவும் மருத்துவத்திற்காகவும் அதைக் கடந்து, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். அப்பாதை எதிர்பாராது அடைபடுவதும் அவர்களுக்குப் புதிதன்று. 2016 செப்டம்பர் 12இல், காவிரி நீர்ச் சிக்கலையொட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டு, தமிழ்நாட்டுப் பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. அதன்பின் பேருந்துகள் எல்லையோடு நின்றுவிட, குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு மக்கள் ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்தே சென்றனர்.

2020 மார்ச் 24ஆம் நாள் இரவு அறிவிக்கப்பட்ட 21 நாள் ஊரடங்கு இதனினும் கடுமையானது. சிப்காட் தொழிற்பேட்டையின் பெரிய வாகன ஆலைகளும், அவற்றிற்கு உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளும் ஒருசேர மூடப்பட்டன. திருமணங்களும் திருவிழாக்களும் நின்றுபோனமையால், தளி, பாகலூர் வட்டாரத்து விவசாயிகள் தாங்கள் பறித்த ரோஜா மலர்களைக் குப்பையில் கொட்ட நேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில், தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாகக் குறிக்கப்பட்ட ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரியே என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நோய் வந்து சேருமுன்னரே பிழைப்பு நின்றுவிட்டது.

அவ்வாரங்களில் ஆலயங்கள் பூட்டியிருந்தன. ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்த்தெழுதல் திருநாளும் சபையாரின்றிக் கடந்தது. கைப்பேசி வழியாக நாம் ஆற்றிய அருளுரைகளுக்குப் பெரும்பாலும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியே ஆதாரமாயிற்று. ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டிக் கவலையை விலக்கச் சொன்னோம். அப்போதனையில் பிழையில்லை. ஆயினும், மாதச் சம்பளம் தடையின்றிப் பெற்ற நிரந்தரத் தொழிலாளரும், ஒப்பந்தக்காரரின் கீழ் நாட்கூலி பெற்று வாடகை அறையில் முடங்கிய வெளிமாநிலத் தொழிலாளரும் அச்சொற்களை ஒரேவிதமாகக் கேட்டிருக்க இயலுமா? ஊரடங்குக் காலத்துக்கும் ஊதியம் கொடுக்கவேண்டுமென்ற மார்ச் 29ஆம் நாள் அரசாணையும் மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. நாம் அவ்வதிகாரத்தில் சற்று முன்னே சென்று, கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் நின்றிருக்கலாம்.

அங்கே அப்பத்தைக் குறிக்கும் சொல்லோடு ‘எப்பியூசியோஸ்’ என்னும் கிரேக்க அடைமொழி வருகிறது. மாணவர் அறிந்தபடி, இது மொழிபெயர்ப்பாளரைத் திகைக்கவைக்கும் சொல். கற்றோர் நூல்களிலும் மக்கள் வழக்கிலும் இது காணப்படவில்லை, சுவிசேஷகரே ஆக்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகன் எழுதினார். இன்றைய நாளுக்குரியது, வாழ்வுக்குத் தேவையானது, வருகின்ற நாளுக்குரியது எனப் பலவாறு பொருள் கொள்வர். எபிரேயர் நற்செய்தியில் இவ்விடத்தில் ‘நாளைக்குரிய’ என்று பொருள்படும் சொல்லைக் கண்டதாக ஜெரோம் குறிப்பிடுகிறார். நாட்கூலிக்காரருக்கு இப்பொருள் எளிதில் விளங்கும். நாளை வேலை உண்டா என்பதே அவருடைய மாலைநேர மன்றாட்டு. அவர் கேட்பது ஒரு நாளுக்கானது, ஓர் ஆண்டிற்கானதன்று. பழைய ஒழுங்கு அப்படியே திரும்பும் என்ற உறுதியை இந்த ஜெபம் நமக்குத் தரவில்லை. மேலும், அது ‘எனக்கு’ என்று கேட்கக் கற்பிக்கவுமில்லை. ‘எங்களுக்கு’ என்று சொல்லும்போது பக்கத்து அறையிலிருக்கும் பீகார்த் தொழிலாளியின் அப்பத்தையும் நாம் கேட்டுவிடுகிறோம். அவர் நம் சபையின் பதிவேட்டில் இல்லாதவராயினும்.

ஒரு நாளின் அளவு என்னும் இக்கருத்துக்கு வேர் யாத்திராகமம் 16இல் உள்ளது. மறுநாளைக்கென்று வைத்த மன்னா புழுத்தது. மிகுதியாய்ச் சேர்த்தவருக்கு மிஞ்சவுமில்லை, குறைவாய்ச் சேர்த்தவருக்குக் குறையவுமில்லை. பவுல் இவ்வசனத்தை எங்கே எடுத்தாளுகிறார் என்பதைக் கவனித்தல் நலம். தனிமனிதரின் மன அமைதியைப் பற்றிப் பேசும் இடத்திலன்று, எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பணம் திரட்டும் இடத்தில், 2 கொரிந்தியர் 8இல் எடுத்தாளுகிறார். ஆகவே அவருக்குக் கடவுளை நம்புதலும் காணிக்கைப் பையைத் திறத்தலும் இருவேறு பாடங்கள் அல்ல. ஊரடங்கின்போது அரிசியும் பருப்பும் சேகரித்து அறை அறையாகக் கொண்டுசென்ற சபைகள் இவ்விளக்கத்தைப் படித்துவிட்டுச் செல்லவில்லை, அதனால் குறையொன்றுமில்லை.

பாதை அடைபட்டதைக் கடவுள் அனுப்பிய பாடம் என்று சிலர் பிரசங்கித்தனர். அதை நாம் ஏற்பதற்கில்லை. கலவரத்தை மனிதர் செய்தனர். ஊரடங்கை அரசு விதித்தது. கூலி நின்றதற்கும் மனிதரே பொறுப்பு. கூலியைக் கேட்டு முறையிட்ட தொழிலாளியை விசுவாசக் குறைவுள்ளவரெனக் கருதுமுன், அதே அதிகாரத்தின் தொடக்கத்தை வாசிக்க வேண்டும். இஸ்ரவேலர் அங்கே ஜெபிக்கவில்லை, முறுமுறுத்தார்கள். மாலையில் காடைகளும் விடியலில் மன்னாவும் அவர்களுக்கே கொடுக்கப்பட்டன.