மலைக்காட்டில் கிடந்த எண்

அருணாசலப் பிரதேசத்தின் மேல் சியாங் மாவட்டத்தில் தம்ரோ என்றோர் ஊர் உண்டு. ஆதி பழங்குடியினர் வாழும் ஊர். அதற்கு மேலே, நடந்து மட்டுமே ஏறக்கூடிய மலைக்காட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று 62 ஆண்டுகள் சிதறிக் கிடந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஆவணங்களில் அது காணாமற்போன விமானம். அக்காட்டில் வேட்டைக்குச் சென்றவர்களுக்கோ அது வழியில் தென்படும் இரும்புக் குவியல். 2006-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த மலையேற்ற ஆர்வலரான கிளேட்டன் கூல்ஸ், உள்ளூர் மக்கள் வழிகாட்ட அங்கே சென்று, சிதைவுகளில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பினார். எட்டுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்விக்கு அந்த எண்ணில்தான் விடை தொடங்கியது.

அந்த விமானம் பி-24 வகையைச் சேர்ந்தது. 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று அதன் குழுவினர் பெயரிட்டிருந்தனர். நரகத்தின் வெப்பத்தைப் பெயரில் தாங்கிய விமானம் இமயத்தின் குளிரில் விழுந்தது. 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவா தளத்துக்கு எட்டுப் பேருடன் புறப்பட்டது, வந்து சேரவில்லை. அன்று மலைகளின் மீது வானிலை மிக மோசமாக இருந்தது.

குண்டுவீச்சு விமானத்துக்கு அந்த வழியில் என்ன வேலை என்ற கேள்வி எழலாம். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் சீனாவுக்குச் சரக்கு சென்ற பர்மா சாலை மூடப்பட்டது. எஞ்சியிருந்தது இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டும் வான்வழி மட்டுமே. விமானிகள் அதனை 'ஹம்ப்' என்றனர். திமில் என்று பொருள். போர் முடியும்வரை அவ்வழியே ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு சென்றது. சீனாவில் நிலைகொண்டிருந்த 308-ஆவது குண்டுவீச்சுப் பிரிவு, தனக்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டுகளையும் தானே இந்தியாவிலிருந்து சுமந்து செல்ல வேண்டியிருந்தது. ஒரு தாக்குதலுக்காகப் பலமுறை மலையைத் தாண்ட வேண்டும். இவ்வழியில் சுமார் 600 விமானங்கள் அழிந்தன. எதிரியின் துப்பாக்கியைவிடப் பனியும் காற்றும் மேகமுமே அவற்றில் பெரும்பாலானவற்றை வீழ்த்தின.

இத்தகைய சிதைவு ஒன்றின் அடையாளம் எவ்வாறு கண்டறியப்படுகிறது? அமெரிக்க விமானங்களின் வால் பகுதியில் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்த ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவது அன்றைய வழக்கம். ஆகவே 42-73308 என்பது வாலில் 273308 என்றிருக்கும். வால் எரிந்துபோயிருந்தாலும் வழியுண்டு. 1943 முதல், காணாமற்போன ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அறிக்கை எழுதப்பட்டது. குழுவினரின் பெயர்கள், நெருங்கிய உறவினர்கள், கடைசியாகத் தென்பட்ட இடம், வானிலை ஆகியவற்றோடு இயந்திரங்களின் எண்களும் இயந்திரத் துப்பாக்கிகளின் எண்களும்கூட அதில் உண்டு. சேற்றில் புதைந்த ஒரு துப்பாக்கியின் எண்ணைக் கொண்டே எந்த விமானம், யார் யார் சென்றார்கள் என்று சொல்லிவிடலாம். போரின் நடுவே ஏதோ ஒரு கூடாரத்தில் அமர்ந்து அந்தப் படிவத்தைப் பொறுமையாக நிரப்பிய எழுத்தரை எவரும் நினைப்பதில்லை.

ஆனால், விமானத்தின் அடையாளம் வேறு. மனிதரின் கதி வேறு. எட்டுப் பேரும் விழுந்த இடத்திலேயே இறந்தார்களா, எவரேனும் பாராசூட்டில் குதித்துக் காட்டில் அலைந்தார்களா என்பதை எண் சொல்லாது. அதற்கு நிலத்தைத் தோண்ட வேண்டும். செங்குத்தான சரிவில் கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, மண்ணைச் சல்லடையில் சலித்து, எலும்புத் துண்டும் பல்லும் தேட வேண்டும். கிடைப்பவை ஹவாயில் உள்ள ஆய்வகத்துக்குச் செல்லும். தாய்வழி உறவினரின் மரபணுவோடு அவை ஒப்பிடப்படும்.

இங்கேதான் நம் நாட்டின் பங்கு வருகிறது. அது பெருமைப்படத்தக்கதாக இல்லை. 2006-இல் இடம் தெரிந்துவிட்டது. அமெரிக்கக் குழு வந்து பார்வையிட்டது. அதன்பின் அனுமதி ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது. அருணாசலத்துக்கு உரிமை கோரும் சீனாவின் அதிருப்திக்கு அஞ்சியே தில்லி தயங்குகிறது என்று உறவினர்கள் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினர். அகழ்வுப் பணி 2015-இல்தான் நடந்தது. 2016 ஏப்ரலில், அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் முன்னிலையில், தில்லியிலிருந்து எச்சங்கள் அனுப்பப்பட்டன. மறு ஆண்டில் லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டு ஜார்ஜியா மாநிலத்தின் கான்கார்டு என்னும் தம் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். விமானத்தைக் கண்டெடுத்ததற்கும் ஒருவரை அடக்கம் செய்ததற்கும் இடையே 11 ஆண்டுகள். அதில் மலையேறுவதற்கும் மண் தோண்டுவதற்கும் ஆன காலம் சில மாதங்களே.

எல்லைப் பாதுகாப்பு குறித்த தயக்கம் பொருளற்றது என்று சொல்லவில்லை. வெளிநாட்டுப் படைத்துறையினர் எல்லை மாவட்டத்தில் முகாமிடுவதை எந்த அரசும் எளிதாக ஏற்காது. ஆனால், நம் வீரர்களை உடன் அனுப்பி, நாளும் இடமும் வரையறுத்து, விண்ணப்பத்துக்கு இத்தனை மாதங்களுக்குள் பதில் என்று விதி வகுப்பதில் எந்த ரகசியமும் கசியாது. பாசிகாட்டில் 2023-இல் ஹம்ப் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது நல்ல செய்திதான். எனினும் அருங்காட்சியகத்தில் வைத்திருப்பது இறக்கையும் இயந்திரமும். குடும்பங்கள் கேட்பது அவற்றை அல்ல.

அந்நியப் படைவீரர்களுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பர்மா சாலையை மூடிய அதே படையெடுப்புதான், ரங்கூனிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த இந்தியர்களை, அவர்களுள் பெருந்தொகையான தமிழர்களை, 1942-இல் நடைப்பயணமாக விரட்டியது. அவர்களில் ஒரு பகுதியினர் ஹூகாங் பள்ளத்தாக்கின் சேற்றிலும் மலேரியாவிலும் நடந்து லேடோவை நோக்கி வந்தனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். மேலே பறந்தவர்களுக்குத் துப்பாக்கி எண் வரை எழுதிய அறிக்கை இருக்கிறது. கீழே நடந்தவர்களுக்கு முழுமையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. பட்டியல் இல்லாத இழப்பு எப்படி இருக்கும் என்பதை அறிந்த சமூகம், பட்டியல் இருக்கும் இழப்பைக் கோப்பில் முடக்குவது முறையாகாது.

இந்திய மண்ணில் இன்னும் சுமார் 400 அமெரிக்க விமானப்படையினரின் உடல்கள் கண்டெடுக்கப்படாமல் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்கள் கிடக்கும் இடங்கள் சில மலைமக்களுக்குத் தெரிந்திருக்கலாம். விமான உலோகத்தைப் பெயர்த்து வீட்டுக் கருவிகளாக்கிக்கொண்டவர்களும் அவர்களுள் உண்டு, அதில் குற்றமில்லை. எண் பொறித்த தகட்டை மட்டும் அசைக்காமல், படமெடுத்து மாவட்ட நிர்வாகத்திடம் காட்டினால் போதும். காட்டுப் பணிக்கு மழையும் பனியும் விட்டுவைக்கும் காலம் ஆண்டுக்குச் சில மாதங்களே. ஓர் அனுமதி தவறினால் ஓர் ஆண்டு போய்விடும். மரபணு மாதிரி தரக்கூடிய தாய்வழி உறவினர்களில் பலர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர்.