உடைந்ததா, உடைக்கப்பட்டதா?

(வானொலி இலக்கியத் தொடரில் பேசியதன் எழுத்து வடிவம்)

கந்தளாயிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிப்பவராம். 'பிறேக்' என்ற ஆங்கில வினைக்குத் தமிழ் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்களாம். உடைத்தல் என்று சொல்லிக்கொடுத்தாராம். மறுநாள் ஒரு பிள்ளை, 'அண்ணனுக்குக் கால் உடைந்தது, ஆட்டுக்கயிறு உடைந்தது, பஸ் உடைந்தது, உம்மா மஃரிபுக்கு நோன்பு உடைத்தார்' என்று வரிசையாக எழுதிக் கொண்டுவந்ததாம். 'சிவப்பு மையை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன். ஆனால், ஏன் பிழை என்று சொல்ல எனக்கு வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள்' என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நல்ல கேள்வி. அகராதியைப் புரட்டிவிட்டு ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல. அதுவும் கந்தளாயிலிருந்து இந்தச் சொல்லைப்பற்றி ஒருவர் கேட்டிருப்பது எனக்குப் பழைய சம்பவம் ஒன்றை நினைவூட்டிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்போம்.

ஆங்கிலக்காரன் ஒரு பொருள் ஒன்றாயிருந்து இரண்டாகிவிட்டால், அல்லது வேலைசெய்யாமற் போனால், அல்லது ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டால், எல்லாவற்றுக்கும் 'பிறேக்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறான். தமிழன் அப்படியல்ல. முதலில் அந்தப் பொருளை ஏறஇறங்கப் பார்க்கிறான். அது என்ன வடிவம், உள்ளே எதையாவது வைத்திருக்கிறதா, நீளமானதா, முறுக்கியதா, மெல்லியதா என்று பார்த்த பிறகுதான் சொல்லை எடுக்கிறான். பானை உடையும். முட்டை உடையும். தேங்காய் உடையும். கட்டி பழுத்தால் உடையும். பிள்ளைப்பேற்று வேளையில் பனிக்குடம் உடையும். இவையெல்லாம் தமக்குள்ளே எதையோ அடக்கி வைத்திருப்பவை. ஓடு விட்டால் உள்ளிருப்பது வெளியே வரும். பனிக்குடம் என்ற பெயரிலேயே குடம் இருக்கிறதைக் கவனியுங்கள். கொப்பும், ஏர்க்காலும், எலும்பும் அப்படியல்ல. அவை நீளமானவை, இரண்டு முனை உள்ளவை. அவை முறியும். ஆகவேதான் நம் பக்கத்தில் காலுக்கு மருந்து கட்டுபவரை முறிவு வைத்தியர் என்கிறோம். உடைவு வைத்தியர் என்று எவரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் 'கால் உடைஞ்சிருச்சு' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அது அவர்கள் வழக்கு. பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் காதுக்கு அது கால் என்னவோ சட்டி போலக் கேட்கிறது.

கயிறு அறும். சீலை கிழியும். முருங்கைக்கொப்பு ஒடியும், முறிவதிலும் இலேசானது ஒடிதல். பஸ் வண்டி பழுதாகும். தமிழ்நாட்டில் இதற்கு வேடிக்கையான ஒரு வழக்கு உண்டு: 'வண்டி ரிப்பேர்' என்பார்கள். ரிப்பேர் என்றால் திருத்துதல் அல்லவா? அங்கே அது திருத்தவேண்டிய நிலைக்குப் பெயராகிவிட்டது. நோய்க்கு மருந்தின் பெயரை வைத்ததுபோல.

பிள்ளை எழுதிய நோன்புதான் மிகவும் நுட்பமானது. சூரியன் மறைந்ததும் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பதும் ஆங்கிலத்தில் 'பிறேக்'. பட்டப்பகலில் தேத்தண்ணீர் குடித்து நோன்பைக் கெடுத்துக்கொள்வதும் ஆங்கிலத்தில் 'பிறேக்'. முன்னதை நமது முஸ்லிம் மக்கள் நோன்பு திறத்தல் என்கிறார்கள். பின்னது நோன்பு முறிதல். ஒன்று கடமை நிறைவேறியதன் மகிழ்ச்சி, மற்றது அந்தக் கடமை தவறிய கவலை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் உம்மா கோபிக்காமல் என்ன செய்வார்?

கண்ணால் காணமுடியாதவற்றுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. பேச்சுவார்த்தை முறிகிறது, உறவு முறிகிறது. இருவருக்கு இடையே நீண்டு கிடப்பவை. இரண்டு முனை உள்ளவை. திம்புவில் 1985இல் தொடங்கி எத்தனை தடவை இந்த 'முறிந்தது' என்ற சொல்லைப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் படித்திருக்கிறோம்! ஆனால் மனம் உடைகிறது. துக்கத்தை உள்ளே அடக்கிவைத்திருந்த பாத்திரம் அது. மௌனம் உடைவதில்லை, கலைகிறது. சட்டத்தை உடைப்பதில்லை, மீறுகிறோம். வாக்கு உடைவதில்லை, தவறுகிறது. பொழுதோ விடிந்துவிடுகிறது; அதற்கு எந்தச் சேதமும் இல்லை.

இது தமிழின் தனிப்பெருமை என்று மார்தட்ட நினைத்தேன். என் பழைய மாணவன் ஒருவன் அந்த ஆசையைக் கெடுத்துவிட்டான். பாங்கொக் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் சில வருடங்கள் வேலைசெய்துவிட்டு வந்தவன். தாய்லாந்து மொழியிலும் இதே பிரச்சினைதான் சேர் என்றான். அங்கே கண்ணாடிக் குவளை உடைந்தால் 'தேக்'. கை முறிந்தால் 'ஹக்'. கயிறு அறுந்தால் 'காட்'; பணம் போதாவிட்டாலும் அதே 'காட்'தான். வீடு இடிந்தால் 'பங்'. இயந்திரம் பழுதானால் 'சிய'. வந்த புதிதில் இவன் எல்லாவற்றுக்கும் 'தேக்' என்றே சொல்லித் திரிந்திருக்கிறான். குளிர்சாதனப் பெட்டி வேலைசெய்யவில்லை என்பதற்கும் 'தேக்' என்றதும், பெட்டி தூள்தூளாகிக் கிடக்கிறதாக்கும் என்று சமையல் தலைவர் ஓடிவந்தாராம்.

அந்தச் 'சிய' என்ற சொல் சாதாரணமானதல்ல. இயந்திரம் கெடுவதும் அதுதான், இழப்பதும் அதுதான். 'சிய'வுடன் மனம் என்று பொருள்படும் 'ஜை' சேர்ந்தால் கவலைப்படுதல். உயிர் என்று பொருள்படும் 'சீவித்' சேர்ந்தால் இறந்துபோதல். சீவித் வேறொன்றுமல்ல, நம் ஜீவிதம்தான். வடமொழி அங்கேயும் போயிருக்கிறது.

காதல் தோல்விக்குத் தாய்லாந்துக்காரர் 'ஒக் ஹக்' என்கிறார்கள். நெஞ்சு முறிந்தது என்று பொருள். நமக்கு மனம் பாத்திரம். அவர்களுக்கு நெஞ்சு எலும்புக்கூடு போலும். நமது வழக்கப்படி 'மனம் உடைந்தது' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'ஜை தேக்' என்று ஒரு பெண்பிள்ளையைப்பற்றிச் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை கெட்டவழியில் போய்விட்டது என்று அர்த்தமாகிவிடும். மாணவன் இதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன். சொந்த அனுபவமா என்று கேட்கவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் தாய்லாந்தாரும் நாமும் ஒன்றுபடுகிறோம். அணை போனால் அவர்களும் 'தேக்' என்றுதான் சொல்கிறார்கள். குவளைக்கும் பானைக்கும் உரிய சொல். நாமும் குளம் உடைந்தது என்கிறோம். சிங்களத்தில் வேறு கணக்கு: கண்ணாடி உடைந்தால் 'பிந்துணா', குளம் உடைந்தால் 'கெடுணா'. கொப்பு முறிந்தாலும் கயிறு அறுந்தாலும் அந்தக் 'கெடுணா'வே. ஆக, கந்தளாய்க் குளத்துக் கட்டின் மேல் நிற்கும் இரண்டு அயலவரில் ஒருவர் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர் நிறைந்த பாத்திரம், மற்றவர் கண்ணுக்குத் தெரிவது நீண்டு கிடக்கும் கட்டு. இரண்டும் உண்மைதானே.

இனிப் பழைய கதைக்கு வருகிறேன்.

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டினான் என்பது நம் ஐதீகம். இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சூளவம்சத்தின் கூற்று. எப்படியோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மண் அணை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, ஊர் உறங்கிக் கிடந்த பின்னிரவு வேளையில் அந்தக் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். வீடுகளும் வயல்களும் போன கணக்கு வேறு. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

நான் அப்போது இளம் ஆசிரியன். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் நட்டஈடு கேட்டுப் பெட்டிசம் எழுதுபவர்களுக்கு உதவிக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர், வயற்காரர், யாரோ ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த பெட்டிசத்தோடு வந்தார். கையெழுத்து வைப்பதற்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் தெரியவேண்டும் என்றார். சரியான மனிதர். நான் மேசையில் இருந்து மளமளவென்று மொழிபெயர்த்து வாசித்துக்காட்டினேன்: 'குளம் உடைக்கப்பட்டபோது எனது வீடும் உடைக்கப்பட்டது.'

பெரியவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"மாஸ்டர், குளத்தை ஆர் உடைச்சது?"

"ஒருத்தரும் உடைக்கேல்லை ஐயா. அது தானா உடைஞ்சது."

"அப்ப ஏன் உடைக்கப்பட்டது எண்டு வாசிக்கிறீங்க? நாளைக்கு ஆமிக்காரன் வந்து, ஆர் உடைச்சவன் சொல்லு எண்டு கேட்டா நான் ஆரைக் காட்டுறது? வீட்டையும் உடைச்சதெண்டு எழுதியிருக்கிறீங்க. கள்ளனா வந்தவன்? வீடு இடிஞ்சதெல்லோ."

எனக்கு வியர்த்துவிட்டது. அது என்ன காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்ந்த அந்தப் பகுதியில், ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த வருடம் 1986. குளம் உடைக்கப்பட்டது என்று ஒரு கடதாசியில் எழுத்தில் இருந்தால், எவன் உடைத்தான் என்ற கேள்வி பின்னாலே வரும். கேள்வி வந்தால் பதிலுக்கு ஓர் ஆளைத் தேடுவார்கள்.

நான் செய்த பிழை என்ன? ஆங்கிலத்தில் 'பிறேக்' தானாக நடப்பதற்கும் ஒருவர் செய்வதற்கும் ஒரே உருவத்தில் நிற்கும். பானை பிறேக்; பையன் பானையைப் பிறேக். அதன் முடிவெச்ச உருவமோ நடந்த செயலையும் சொல்லும், இப்போதிருக்கும் நிலையையும் சொல்லும். தமிழில் அப்படி மழுப்பமுடியாது. உடைந்தது, உடைத்தது. முறிந்தது, முறித்தது. அறுந்தது, அறுத்தது. இலக்கணகாரர் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாவினை என்று பெரிய பெயர் வைப்பார்கள். சாதாரண சனத்துக்கு அது ஒரு மெய்யெழுத்து: 'ந்' வந்தால் ஆள் இல்லை, 'த்' வந்தால் ஆள் உண்டு. சிங்களத்தில் 'கெடுணா', 'கெடுவா'. தாய்லாந்து மொழியில் குவளை தானாக உடைந்தால் 'தேக்' மட்டும். நான் உடைத்தேன் என்றால் 'செய்' என்று பொருள்படும் 'தம்' முன்னாலே வரவேண்டும். அயலில் உள்ள எல்லா மொழிகளும் ஆள் உண்டா இல்லையா என்று கேட்கின்றன. ஆங்கிலம் கேட்கவில்லை; நானும் கேட்காமல் 'படு' என்ற துணைவினையை எடுத்து ஒட்டிவிட்டேன். ஆங்கிலத்துச் செயப்பாட்டுவினையைக் கண்டால் உடனே 'பட்டது' போடுவது மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். என் கையும் அந்தக் கைதான்.

ஆள் இல்லாத வினையும் எப்போதும் யோக்கியமானதல்ல. குசினிக்குள்ளே சத்தம் கேட்டு ஓடிப்போனால் பிள்ளை, 'சட்டி உடைஞ்சு போச்சு' என்று நிற்கும். உடைந்துபோயிற்றாம்! பெரிய மனிதர்களின் அறிக்கைகளிலும் இந்தப் பிள்ளைத்தனம் நிறைய உண்டு. தவறுகள் நடந்துவிடும், பணம் குறைந்துவிடும், கோப்புகள் காணாமற்போய்விடும். ஒருவரும் எதுவும் செய்திருக்கமாட்டார்கள்.

"அப்ப எப்பிடி எழுதட்டும் ஐயா?" என்று கேட்டேன்.

"குளம் உடைப்பெடுத்தது எண்டு எழுதுங்க" என்றார்.

அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் நின்று பார்த்தேன். உடைப்பெடுத்தல். பசியெடுக்கிறது, தாகமெடுக்கிறது, வலியெடுக்கிறது என்கிறோமே, அந்த எடுத்தல். யாரும் வெளியிலிருந்து செய்வதல்ல. ஆனால் காரணமில்லாமல் வருவதும் அல்ல. உள்ளே ஏதோ கொஞ்சக்காலமாக நடந்துகொண்டிருந்தது, இப்போது வெளியே தெரிகிறது. மண் அணை உடைகிற வழிகளில் ஒன்று அப்படித்தான் என்று பின்னாளில் ஒரு பொறியியலாளர் எனக்கு விளங்கப்படுத்தினார். கட்டுக்குள்ளே ஊறும் நீர் மண்ணைத் துகள்துகளாக அரித்துக்கொண்டு போகும்; ஊசித்துவாரம் பொந்தாகும்; பொந்து வாய்க்காலாகும்; பிறகு மேற்கட்டு சரியும். வான் பாய்வதைக் காண்பதுபோல அதைக் கண்ணால் காணமுடியாது. கட்டைத் தினம் நடந்து பார்ப்பவனுக்கு மட்டும் ஈரம் தெரியலாம். உடைப்பெடுத்தது என்ற சொல்லுக்குள்ளே ஒரு குற்றவாளி இல்லை. ஆனால் கட்டைப் பார்த்தீர்களா என்ற கேள்வி இருக்கிறது. பெரியவர் அவ்வளவையும் எண்ணித்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. வயற்காரருக்குச் சொல் கையில் இருந்தது.

திருத்தி எழுதினேன். 'கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்ததில் எனது வீடு இடிந்து, இரண்டு எருமைமாடுகள் அள்ளுண்டு போயின.' மறுபடி வாசித்துக்காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"இங்கிலீசில என்ன செய்யப் போறீங்க?"

யோசித்துப் பார்த்து, 'வோஸ் பிறோக்கன்' என்று இருந்ததில் 'வோஸ்' என்பதை வெட்டி, மிஞ்சியதை 'பிறோக்' என்று திருத்தினேன். கடதாசி கொஞ்சம் அசிங்கமாகிவிட்டது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று பெருவிரலை மையில் வைத்தார்.

கந்தளாய் ஆசிரிய நண்பரே, பிள்ளையின் கொப்பியில் நீங்கள் கிழித்த சிவப்புக் கோடுகள் எல்லாம் சரி. நோன்புக்கு இரட்டைக் கோடு போடலாம். அடுத்த கிழமை, மூதூர் நேயர் கேட்டிருக்கும் 'றன்' என்ற வினை: ஆறு ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, கடை மட்டும் ஏன் தமிழில் நடக்கிறது?