இரண்டாவது எர்த் குழி போட்டால் ஷாக் நிற்குமா?

‘ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. இன்னொரு எர்த் குழி போட்டால் சரியாகுமா?’ பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. ஷாக்கின் வேகம் ஓரளவு குறையும், ஆபத்து நீங்காது. ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கே சொல்லிவிடும்.

ஏரியில் ஒரு மதகோடு இன்னொன்றையும் திறந்தால் தண்ணீர் அதிகம் வெளியேறும், இரண்டாவது மதகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும். எர்த் குழிகளும் அப்படித்தான். பழைய குழியின் மின்தடை 20 ஓம், புதியது 30 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் இணைத்தால் மொத்தம் 50 ஓம் ஆகிவிடாது. பெருக்கினால் 600, கூட்டினால் 50. 600-ஐ 50-ஆல் வகுத்தால் 12 ஓம். பக்க இணைப்பில் மொத்தத் தடை, இருப்பதிலேயே சின்னத் தடையைவிடவும் குறைவாகத்தான் வரும்.

மூன்றாவதாக 60 ஓம் குழி ஒன்றைச் சேர்த்தால்? 1/20 + 1/30 + 1/60 = 6/60. தலைகீழாக்கினால் 10 ஓம். ஒரு குழி வெட்டிய கூலிக்கு 2 ஓம்தான் லாபம்! அதுவும் குழிகள் தள்ளித் தள்ளி இருந்தால்தான். 8 அடி பைப் என்றால் 16 அடி இடைவெளியாவது வேண்டும். பக்கத்திலேயே வெட்டினால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும், கணக்கு பொய்த்துவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். ‘எர்த் நன்றாக இருந்தால் கரண்ட் அந்த வழியாகவே போய்விடும், ஆளைத் தொடாது’ என்ற நம்பிக்கை தவறு. பெட்டியைத் தொடும் ஆளும் பக்க இணைப்பில் சேரும் இன்னொரு தடைதான். ஈரக் கை, வெறுங்கால் என்றால் சுமார் 1,000 ஓம். மோட்டார் பக்க எர்த் 12 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் 8 ஓம், ஒரு பேஸ் 230 வோல்ட் என்று எடுத்துக்கொண்டால், பேஸ் ஒயர் பெட்டியில் பட்டதும் மண்ணில் இறங்குவது 11.5 ஆம்பியர். 5 எச்.பி. மோட்டாரின் ஃபியூஸ் இதற்கு உடனே உருகாது. பெட்டியில் 138 வோல்ட் நிற்கும். தொட்டவர் உடம்பில் சுமார் 138 மில்லிஆம்பியர் பாயும். உயிரைப் பறிக்க அது போதும்.

ஆகவே குழியோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். கசிவு அந்த அளவைத் தொட்டதுமே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். எர்த் டெஸ்டரில் குழியின் ஓம் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஷாக் அடிக்கும் பெட்டி என்றால், மெயினை நிறுத்திக் கசிவைச் சரிசெய்யும்வரை யாரும் தொட வேண்டாம்.