செபியாவும் கசவும்

பாறசாலை தாண்டிக் கொல்லயில் பக்கம் சுற்றுலா செல்லும் நம் தோழர்கள், ஊர் திரும்பியதும் எடுத்த முகங்களையெல்லாம் செபியாப் பழுப்பில் தோய்த்துவிடுகிறார்கள். அந்நிறம் பிறந்த கதை வேறு. வெள்ளித் துகளால் ஆன கறுப்புப் படத்தைப் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் வெளுக்கச் செய்து, பிறகு சோடியம் சல்பைடில் இடுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் அறையை நிறைக்கும்! வெள்ளி, வெள்ளி சல்பைடாகிப் பழுப்பேறும். படம் நெடுநாள் மங்காது. கணிப்பொறி தருவது நிறத்தை மட்டுமே. அந்த உறுதியை அன்று.

அதே நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாலராமபுரம் இருக்கிறது. பாலராமவர்மர் ஆட்சியில் (1798–1810) தமிழகத்திலிருந்து குடியேறிய சாலியர் வளர்த்த நெசவு அது. தறியில் அமர்ந்த முதியவரைச் செபியாவாக்கினால் வெளிர்துணியும் பொற்கசவும் ஒரே பழுப்பாகிவிடும். அவரும் பழங்காலத்து மனிதராகிவிடுவார். அவரோ இன்றைக்கும் கூலிக்கு நெய்கிறவர். இங்கே கசவின் பொன்னை மட்டும் வண்ணத்தில் நிறுத்துவது தகும். ஆனால் மஞ்சளைத் தெரிந்தெடுத்தால் முகத்தோலும் உடன் வந்துவிடும்; தோலிலும் மஞ்சள் உண்டல்லவா? ஆகவே கசவின் ஓரத்தைக் கையால் வரைந்து பிரியுங்கள். முழு வண்ணப் படி ஒன்றை அவருக்கு அனுப்ப மறவாதீர். பெரும்பாலும் அவர்கள் கேட்பது அதைத்தான்.